மரம் எத்தனை நட்டீங்கன்னு கேக்காதீங்க

ஞாயித்துக்கிழமை காலைல ஏரிக்கரைக்கு வேலைக்குப் போறோம்னு தெரிஞ்சவங்க கேக்குற மொத கேள்வி, "இதுவரைக்கும் எத்தனை மரம் நட்டிருப்பீங்க?" சொந்தக்காரங்க கேக்குறாங்க, கம்பெனில கூட வேலை செய்றவங்க கேக்குறாங்க, ஒரு தடவ பேப்பர்காரர் ஒருத்தர் வந்து நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டே அதத்தான் கேட்டார். நடுறத விட நாங்க புடுங்குறதுதான் ஜாஸ்தின்னு சொன்னதும் நோட்டை மூடிட்டார்.

நான் இருக்குறது காவேரிப்பட்டணம் பக்கம். பேரைக் கேட்டுட்டு காவிரி ஓடுதான்னு கேப்பாங்க, இங்க ஓடுறது தென்பெண்ணை. கர்நாடகால நந்தி மலைப் பக்கம் கெளம்பி, பெங்களூரு ஓரமா வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி அணை, அங்கேந்து எங்க ஊரு, இருமத்தூர், சாத்தனூர்னு போயி கடைசில கடலூர்ல கடல்ல விழுது. எங்க குரூப்பு வேலை செய்றது இந்த ஆத்தங்கரையில கொஞ்சம், பக்கத்துல இருக்குற ஏரிங்கள்ல நெறைய. குரூப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ஸ்கூல் டீச்சர் அக்கா, மாங்கா மண்டி வெச்சிருக்கிற ஒரு அண்ணன், ஈபில லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், என்ன மாதிரி ஓசூருக்கு பஸ் ஏறி வேலைக்குப் போற சில பேர், லீவுக்கு வர்ற காலேஜ் பசங்க. குரூப்புக்கு ஒரு பேரு வெக்கலாம்னு பேச்சு வந்துச்சு, சண்டைல முடிஞ்சுது, அதனால பேரு கெடையாது. மே, ஜூன்ல மாங்கா சீசன் வந்துட்டா மண்டி அண்ணன் தலைய பாக்கவே முடியாது, அவர் வண்டி இல்லன்னா எங்களுக்கு கடப்பாரை கொண்டுபோகக் கூட வழி இல்ல.

புடுங்குறதுல மொத எதிரி நெய்வேலி காட்டாமணக்கு. வெளிர் ஊதால பெரிய பூவா பூக்கும், பாக்க அழகாத்தான் இருக்கும், ஏரி ஓரம் நின்னு அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். தென்னமெரிக்கா செடி அது. ஆடு மாடு லேசுல வாய வெக்காது, வறட்சில வேற தீனி இல்லாம தின்னு பழகிடுச்சுன்னா நரம்பு பாதிச்சு ஆடு தள்ளாட ஆரம்பிச்சு செத்துடும். இதுல பெரிய கொடுமை என்னன்னா ஒரு சாண் தண்டு ஈர மண்ணுல கெடந்தா போதும், கணுவுல வேர் விட்டுடும், அதனால அரிவாளால வெட்டி கரை ஓரமா போட்டுட்டுப் போறது விதைச்சுட்டுப் போறதுக்கு சமம். ஒரு வருஷம் ஆள் விட்டு ஏரி முழுக்க அப்படித்தான் வெட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க, பில்லு போட்டாங்க, அடுத்த மழைக்கு முன்ன இருந்தத விட அடர்த்தியா வந்து நின்னுச்சு. நாங்க பண்றது சித்திரை வைகாசில தண்ணி வத்தினப்புறம் வேரோட புடுங்கி, இழுத்துட்டுப் போயி பாறை மேல பரப்பி காயவிடுறது. பாறைக்கு எங்க ஊருல பஞ்சமா. நல்லா சருகாகுற வரைக்கும் அத மண்ணுல படவிடக் கூடாது, இது ஒண்ணுதான் ரூலு.

ரெண்டாவது சீமைக்கருவேல். இத பத்தி தமிழ்நாட்டுல தெரியாத ஆளு இல்ல, 2017ல ஹைகோர்ட் மதுரை கிளை உத்தரவு போட்டப்போ ஊரு ஊரா கெளம்பி வெட்டுனாங்களே, ஞாபகம் இருக்கும். வெட்டுனது பூரா தரையோட வெட்டுனது. வேர்க்கழுத்துல, மண்ணுக்குக் கீழ இருக்குற மொட்டுல இருந்து திரும்ப துளுக்கும், ஒரு தண்டு இருந்த எடத்துல அஞ்சாறு தண்டு. ஒரு மழைக்கு அப்புறம் மண்ணு எளகி இருக்கும்போது சின்ன செடியா இருக்குறத தோண்டி எடுக்கணும், பெருசுக்கு ஜேசிபிதான். காய் இனிப்பா இருக்குறதனால ஆடு மாடு விரும்பித் தின்னும், கொட்டை செரிக்காம சாணியில வந்து போற எடமெல்லாம் மொளைக்கும்.

இதுல புதுசா வர்ற பசங்களுக்கு மொத நாள் வேலையே குடுக்க மாட்டோம், நாட்டுக்கருவேலுக்கும் சீமைக்கருவேலுக்கும் வித்தியாசம் காட்டுறதுதான் மொத நாள் பாடம். நாட்டுக்கருவேலுக்கு பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணி கோத்த மாதிரி நடுநடுவுல இடுப்பு சிறுத்து சாம்பல் பூத்தாப்புல இருக்கும். சீமைக்கு பூ விரல் நீளத்துக்குக் கதிரா தொங்கும், காய் நீட்டா மஞ்சளா இருக்கும். ரெண்டுக்கும் முள்ளு இருக்கு, தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஏரி நீர்ப்பிடிப்புல வரிசையா நிக்கிற நாட்டுக்கருவேல் எல்லாம் ஒரு காலத்துல வனத்துறை சமூகக் காடு திட்டத்துல வெச்சது, கொக்கும் நாரையும் அதுலதான் கூடு கட்டும். அந்த மரத்துல அருவா பட்டா லைன்மேன் ஐயா அடிக்கவே வந்துடுவார்.

இன்னொண்ணும் சொல்லணும், சீமைக்கருவேல ஒரேயடியா ஒழிக்கணும்னு மைக்ல பேசுறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. எங்க ஊர்ல இன்னும் பல வீட்டுல வெறகு அதுதான், கரி மூட்டம் போட்டு சாப்புடுறவங்க இருக்காங்க. அது போக, ஏரிய சுத்தி வேற மரமே இல்லாம பண்ணி வெச்சுட்டோம், கொக்கு பாவம் இருக்குற மரத்துலதானே உக்காரும். கூடு இருக்குற மாசத்துல நாங்க அந்தப் பக்கமே போறதில்ல. எடுத்த எடத்துல ஒடனே வேற ஒண்ண வெச்சு புடிக்கலன்னா வெறும் மண்ணுல திரும்பவும் அதேதான் மொளைக்கும், அதனால நம்மால காப்பாத்த முடியுற அளவுக்கு மட்டும் எடுக்குறது. அரசாங்கமும் 2022ல அந்நியத் தாவரங்கள அகத்துறதுக்குன்னு தனிக் கொள்கை போட்டப்போ, அகத்தினா மட்டும் போதாது, அந்த எடத்த நம்ம செடியால மீட்டெடுக்கணும்னு சேத்துத்தான் சொல்லியிருக்கு. பேப்பர்ல இருக்கு, பாப்போம்.

இதெல்லாம் கூட செடியோட சண்டை, சமாளிச்சுடலாம். மனுஷங்களோட சண்டை வர்றது ‘சுத்தம்’ங்குற விஷயத்துலதான். ஏரின்னா கரை வழவழன்னு மொட்டையா இருக்கணும், தண்ணி ஓரம் புல்லு பூண்டு இருக்கக் கூடாது, சுத்தி நடக்க பேவர் பிளாக் போட்டு லைட்டும் பெஞ்சும் வெக்கணும்னு எப்படியோ எல்லாரு மனசுலயும் பதிஞ்சு போச்சு. நல்ல மனசுக்காரங்கதான், யாரையும் குத்தம் சொல்லல, ஊருக்கு நல்லது பண்ணணும்னு சொந்தக் காசுல ஜேசிபி கொண்டாந்து விடுறாங்க. அந்த ஜேசிபி மொதல்ல வழிக்கிறது கோரையையும் நாணலையும்தான். தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் முட்டையிடுறது அந்தக் கோரைக்குள்ள. மழைத்தண்ணி வயக்காட்டு மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கிட்டு வரும்போது மொதல்ல வடிகட்டுறதும் அந்த ஓரத்துக் கோரைதான். அத வழிச்சு எடுத்துட்டு ‘ஏரி எவ்ளோ நீட்டா இருக்கு பாத்தியா’ன்னா எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அப்புறம் அழகுக்குன்னு கோனோகார்பஸ்னு ஒரு வெளிநாட்டு மரத்தக் கொண்டாந்து வரிசையா நடுவாங்க, சீக்கிரம் வளரும்னு. 2025லதான் அத நடக் கூடாதுன்னு அரசு தடை போட்டுச்சு, அதுக்குள்ள ஊருக்கு ஊரு வந்துடுச்சு.

வண்டல் எடுக்குறதையும் இப்படித்தான் பாக்கணும். வண்டல் எடுக்க வேண்டியதுதான், விவசாயிங்களுக்கு நல்லது, ஏரிக்கும் ஆழம் கெடைக்கும். ஆனா கரைக்கு அடிய ஒட்டி சுரண்டுனா கரையோட கால வாரி விடுற வேலை அது. நடு ஏரில எடுங்கண்ணா, ஓரத்துல ஒரு பட்டை விடுங்கன்னு கேட்டா, லோடு ஏத்த ஓரம்தான் வசதின்னு பதில் வரும்.

சரி, நாங்க என்னதான் நடுறோம்னு கேட்டா, மொதல்ல கரை மேல மரம் நடுறதே இல்ல. இது நெறைய பேருக்கு ஷாக்கா இருக்கும். பொதுப்பணித்துறைல இருந்த ஒரு பெரியவர் மண்ணுல படம் போட்டு வெளக்கினார், மண் கரை மேல பெரிய மரம் வெச்சா வேர் கரைக்குள்ள போகும், மரம் செத்தா வேர் மக்கி அந்த எடம் பொந்தாயிடும், தண்ணி அதுல கசிஞ்சு கசிஞ்சு ஒரு நாள் கரையே போயிடும்னு. அதனால கரைச் சரிவுக்கு அருகம்புல்லு, பொடுதலை, வெட்டிவேர், இதுங்கதான் சரி. பனைக்கு நார் நாரா வேரு, ஆணி வேர் கெடையாது, அத கரையோட வெளிப்பக்கம் அடிவாரத்துல வெக்கலாம். வரத்து வாய்க்கால் ஓரத்துக்கு நொச்சியும் புங்கனும், ஏரியோட மேல்பக்கம் தண்ணி நின்னு வத்துற எடத்துக்கு நீர்மருது, நாவல், இலுப்பை, கொஞ்சம் ஈச்சை. பொடுதலையப் பாருங்க, கால்ல மிதிபடுற சின்னக் கொடி, குண்டூசித் தலை மாதிரி வெள்ளப் பூ, யாருமே அத நடுறதுக்குன்னு விழா எடுக்க மாட்டாங்க, மினிஸ்டர் வந்து பொடுதலை நட்டாருன்னு செய்தி வருமா? ஆனா சரிவுல அது பாய் விரிச்ச மாதிரி படர்ந்துட்டா மழை மண்ண தொட முடியாது.

நாத்து எல்லாம் டீச்சர் அக்கா வீட்டுக் கொல்லைல, பால் பாக்கெட் கவர்ல. நாவக்கொட்டையும் இலுப்பக்கொட்டையும் வாரக்கணக்குல வெச்சிருந்தா மொளைக்காது, பழுத்து விழுந்த கையோட கழுவிப் போட்டுடணும், அதனால ஆனி ஆடி மாசத்துல அக்கா யாரு கூப்பிட்டாலும் கல்யாணத்துக்குக் கூட போக மாட்டாங்க. நீர்மருது காய்க்கு அஞ்சு றெக்கை இருக்கும், வெயில் காலத்துல பொறுக்கி ரெண்டு நாள் ஊற வெச்சுப் போட்டா வரும், எல்லாமும் வராது. நொச்சிக்கு விதையே வேணாம், குச்சிய ஒடிச்சு நட்டா போதும்.

நொச்சிய ஆடு தின்னாது, ஆடாதொடையும் தின்னாது, புங்கனையும் அவ்வளவா தொடாது. அதனால நாங்க நொச்சிய வேலியா நெருக்கி நட்டுட்டு உள்ள நாவலையும் மருதையும் வெச்சோம். அங்க தெனமும் ஆடு ஓட்டிக்கிட்டு வர்ற தாத்தா ஒருத்தர் இருக்கார், அத பாத்துட்டு வந்து நின்னார்.

"ஏம்ப்பா தம்பி, ஆடு திங்காத செடியா பாத்துப் பாத்து நடுறியே, நாளைக்கு என் ஆடு எங்க போவும், உங்க வீட்டுக்கா?"

"இல்ல தாத்தா, இந்தப் பக்கம் மட்டுந்தான்…"

"இந்தப் பக்கந்தான் ஈரம் நிக்கும், கோடைல பச்சை இங்கதான் இருக்கும். ஒனக்கு ஞாயித்துக்கிழமைதான் ஏரி, எனக்கு தெனமும் ஏரி."

ஞாயம்தானே. அப்புறம் அவரக் கூட வெச்சுக்கிட்டே எந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு விடுறது, எந்தப் பக்கம் மூணு வருஷத்துக்கு அடைக்கிறதுன்னு பேசி முடிவு பண்ணோம். இப்ப அவர்தான் எங்களுக்குக் காவல்னு சொல்லலாம், ஆனாலும் கோடைல யாரும் இல்லாத நேரத்துல அவர் ஆடுதான் உள்ள நிக்கும், கேட்டா "அதுக்கு என்ன படிப்பா தெரியும்"னு சிரிப்பார். அவருக்குத் தெரிஞ்ச செடி எங்க யாருக்கும் தெரியாது. எந்தக் கோரை பாய்க்கு ஆகும், எது ஆவாது, நீர்முள்ளி எங்க வரும், ஈச்ச ஓலைல மாறு கட்ட எந்த மாசம் அறுக்கணும், எல்லாம் அத்துப்படி.

பனைக்கு வருவோம். ஆவணி புரட்டாசில பழம் விழும், மூட்டை மூட்டையா பொறுக்கி, முக்கா அடி ஒரு அடி குழில போட்டு மூடிட வேண்டியதுதான், தண்ணி ஊத்த வேணாம், வேலி வேணாம், நம்ம ஆளுங்களுக்கு இத விட ஈஸியான வேலை கெடையாது. அதனாலயே இது இப்ப ஃபேஷனாயிடுச்சு. 2024ல ஒகேனக்கல்ல இருந்து பூம்புகார் வரைக்கும் காவிரிக் கரை நெடுக ஒரு கோடி பனை விதை ஊன்றதுன்னு பெரிய அளவுல எறங்குனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா பனை பொறுமைய சோதிக்கிற ஜாதி. கொட்டைல இருந்து வர்ற மொளை மொதல்ல கீழதான் போகும், மேல ஒத்த ஓலை தலை காட்டவே பல மாசம் ஆகும், அப்புறமும் வருஷக்கணக்கா தரையோட நாலு ஓலையா நின்னுக்கிட்டிருக்கும். அதுக்குள்ள யாராவது பொதர்னு நெனச்சு கொளுத்திடுவாங்க, இல்ல ஜேசிபி ஏறிடும். ஆணா பொண்ணான்னு தெரியவே அது பூக்குற வரைக்கும் காத்திருக்கணும், அது பத்து பன்னெண்டு வருஷத்துக்கு மேல. பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல இருந்து இருக்கு, இருந்தும் செங்கல் சூளைக்குப் போற லாரில பனை போறத நான் பாத்திருக்கேன். ஊன்றதுக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒருத்தராவது ரெண்டு வருஷம் கழிச்சு அத வந்து எட்டிப் பாத்தா தேவலாம்.

ஆத்தங்கரை எப்படி இருக்கணும்னு பசங்களுக்குக் காட்டணும்னா ஒகேனக்கல் பக்கம் கூட்டிட்டுப் போவோம். அருவிய பாத்து மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிடாம, கொஞ்சம் நின்னு ஆத்து ஓரத்தப் பாக்கணும். வெள்ளை வெள்ளையா அடிமரத்தோட நிக்கிற நீர்மருதுங்க, நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாதது. அந்தக் காவிரி ஓரக் காடுதான் சாம்பல் நிற மலை அணிலுக்கு வீடு, நீர்நாய், முதலை எல்லாம் இருக்கு, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக் காட்டையும் சேத்து 2022ல காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம்னு அறிவிச்சாங்க, 686 சதுர கிலோமீட்டர். எனக்கு அங்க ரொம்ப புடிச்சது மருது இல்ல, பாறை இடுக்குல நிக்கிற காட்டலரி. இடுப்பு உயரம் இருக்கும், எலை அரளி மாதிரி நீளமா. வெள்ளம் வந்தா மேலயே தண்ணி போகும், செடி அப்படியே படுத்துக்கும், வேர் மட்டும் பாறைய விடாது, தண்ணி வடிஞ்சா திரும்ப எழுந்து நிக்கும். இந்தச் செடிய எடுத்துட்டு அந்த எடத்துல சிமெண்ட் போட்டா எத்தனை வெள்ளம் தாங்கும்னு நெனக்கிறீங்க?

கடலூர்ல என் அத்தை வீடு இருக்கு. நம்ம ஆறு கடல்ல சேர்ற எடத்தப் பாக்கணும்னு பசங்களக் கூட்டிட்டுப் போனேன். அங்க கடற்கரைல நம்மள மாதிரியே சில பசங்க அடும்புக்கொடியையும் ராவணன் மீசையையும் காப்பாத்துறேன்னு அலையுறாங்க. அடும்பு பூவப் பாத்ததும் எங்க பசங்க பதறிட்டாங்க, நெய்வேலி காட்டாமணக்கு ஜாடை அப்படியே இருக்கு. ஒரே குடும்பந்தான் ரெண்டும், ஒண்ணு ஏரிய மூடுது, ஒண்ணு மணலக் கட்டிப் புடிச்சு வெக்குது. ராவணன் மீசை ஊசி ஊசியா குத்தும், கால் வெக்க முடியாது, ஆனா காத்துல பறக்குற மணல் அதுல மாட்டி மாட்டித்தான் மேடு கட்டும், மேடு ஏற ஏற செடியும் மேல ஏறும். அதோட காய்க்கொத்து முள்ளுப் பந்து மாதிரி காத்துல உருண்டு போயி வேற எடத்துல மொளைக்கும். 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரம் பூரா சவுக்கு வெச்சாங்க இல்ல, பாதுகாப்புக்குன்னு, அது பல எடத்துல இந்த மணல் மேட்டுச் செடிங்க இருந்த எடத்த எடுத்துக்கிச்சு, அலை வரைக்கும் சவுக்கு வெச்சா பங்குனி ஆமை ஏறி முட்டை போட எடம் இல்லாமப் போச்சுன்னு அந்தப் பசங்க சொன்னாங்க. அப்புறம் அவங்க சொன்ன இன்னொரு பிரச்னைய கேட்டுட்டு நான் சிரிச்சுட்டேன். பீச்ச அழகு பண்றோம்னு வண்டி விட்டு மணல சமன் பண்ணி, கொடியெல்லாம் வழிச்சு, சுத்தமா வெச்சுடுறாங்களாம்.

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை வந்துச்சே, ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். எங்க ஜில்லால அப்படி ஒரு மழைய யாரும் பாத்ததில்ல, ஏரி ரோட்டுக்கு வந்து வேன், காரெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போன வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. சாத்தனூர் அணைல ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டாங்க. அத்தை போன் பண்ணாங்க, "ஏன்டா தம்பி, உங்க ஊரு தண்ணி எங்க வீட்டு அடுப்படில நிக்குதுடா"ன்னு. அந்தத் தண்ணில எங்க ஊரு மண்ணும் போச்சு, காட்டாமணக்குத் தண்டும் போச்சு, ஆகாயத்தாமரையும் போச்சு. ஏற்கனவே கெலவரப்பள்ளில பெங்களூரு கழிவால நொரை பொங்குது, மேல இருக்குறவன் விடுறது எல்லாம் கீழ இருக்குறவனுக்குத்தான்.

எங்க ஏரியும் ரொம்பி கோடி போச்சு, அதாவது மிச்சத் தண்ணி போறதுக்குன்னு கட்டி வெச்ச வழியில வழிஞ்சுது. கரை நின்னுச்சு. எங்க செடியாலதான் நின்னுச்சுன்னு நான் சொல்லவே மாட்டேன், கோடி அகலமா கட்டி வெச்ச பழைய ஆளுங்களுக்குத்தான் அந்தப் பேரு. தண்ணி வடிஞ்சப்புறம் சுத்திப் பாத்தோம். ஜேசிபி சுரண்டி வழவழன்னு வெச்சிருந்த பக்கம் சரிவு பூரா ஆள் எறங்குற அளவுக்கு அரிச்சுக் கெடந்துச்சு. பொடுதலையும் அருகும் படர்ந்திருந்த பக்கம் சேறு படிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். மேல்பக்கம் நட்டிருந்த மருதுக் கன்னு பாதி போயிடுச்சு. வெட்டிவேர் நின்னுச்சு. எங்கேந்தோ மெதந்து வந்த காட்டாமணக்குத் துண்டு கரை ஓரம் பூரா ஒதுங்கி, ரெண்டே வாரத்துல துளுத்துடுச்சு, அத பொறுக்கி எடுக்கவே அந்த தை மாசம் சரியாப் போச்சு.

அப்புறம் சுரண்டின பக்கத்த சரி பண்ணணும்னு ஒரு ஆபீஸுக்குப் போனா, ஏரி ஒன்றியத்துதா நீர்வளத்துறைதான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், மேலன்னா துறை, இது மண்டி அண்ணனுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு இப்போ. எங்களுது ஒன்றியத்து ஏரி. மனு குடுத்திருக்கோம், கரைச் சரிவுல ஜேசிபி எறக்கக் கூடாது, தண்ணி ஓரம் பத்தடிக் கோரைய விட்டுடணும், இந்த ரெண்டுதான் கேட்டிருக்கோம். மரக்கன்னு வேணும்னா எவ்ளோ வேணா தர்றோம்னு பதில் வந்திருக்கு.

இந்த வருஷம் பனங்கொட்டை ஊன்ற வேலை கம்மியாத்தான் வெச்சிருக்கோம், போன தடவ ஊன்றினதுல எது வந்திருக்கு எது போச்சுன்னு மொதல்ல பாக்கணும்னு அக்கா கறாரா சொல்லிட்டாங்க. வர்றவங்க ஆறு மணிக்கே வந்துடுங்க, முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, ஷூ இருந்தா ஷூ, ஏன்னா சீமைக்கருவேல் முள்ளு செருப்ப தாண்டி ஏறும். பேனர் யாரும் கொண்டாராதீங்க. டீயும் வடையும் லைன்மேன் ஐயா பாத்துக்குவார், பத்து மணிக்கு மேல வர்றவங்களுக்கு வடை இருக்காது.